கிட்னி முகாமில் ஸ்கேனை நீக்கிவிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனையைச் சேருங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. பல வருடங்களாகச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டு வந்தார். போன மாதம் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், இரண்டு கிட்னியும் போய்விட்டது, டயாலிசிஸ் செய்தாக வேண்டும் என்கிறார்கள். ஒரு வலி இல்லை, முன்னறிவிப்பு இல்லை. இது எப்படி சார் இவ்வளவு நாள் தெரியாமல் இருந்தது? நான் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலர். உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். அப்பாவுக்கு நடந்ததைச் சொன்னதும் நிர்வாகம் எல்லோருக்கும் கிட்னி பரிசோதனை முகாம் நடத்த ஒத்துக்கொண்டது. ரத்தத்தில் கிரியாட்டினினும் வயிற்று ஸ்கேனும் எடுக்கலாம் என்றிருக்கிறோம், போதுமா? தினமும் 4 லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் போஸ்டர் ஒட்டலாமா? கிட்னியைச் சுத்தம் செய்யும் மூலிகைப் பொடி தயாரிக்கும் ஒருவர் முகாமில் எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறேன் என்கிறார், வாங்கிக்கொள்ளலாமா? எனக்கு 36 வயது, எனக்கும் வருமா?

பதில்:

அப்பாவைப் பற்றிப் படித்தபோது வருத்தமாக இருந்தது. டயாலிசிஸ் தொடங்கும் முதல் சில வாரங்கள் வீட்டில் எல்லோரையுமே அலைக்கழித்துவிடும். அந்த அலைச்சலுக்கு நடுவிலும் கூட வேலை செய்கிறவர்களைப் பற்றி யோசித்திருக்கிறீர்கள், அதனால் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். முகாமை நடத்துங்கள். ஸ்கேனை நீக்கிவிட்டு அந்தப் பணத்தில் சிறுநீர்ப் பரிசோதனையைச் சேருங்கள். எல்லோருக்கும் 4 லிட்டர் என்று போஸ்டர் ஒட்டாதீர்கள். மூலிகைப் பொடியை வாசலைத் தாண்டி உள்ளே விடாதீர்கள். ஏன் என்பதை இனி சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் அப்பாவுக்கு ஏன் தெரியவில்லை என்பது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன, இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிக்கின்றன, அதில் ஒன்றரை இரண்டு லிட்டர் போக மீதியெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போய்விடுகிறது. சர்க்கரையாலோ ரத்த அழுத்தத்தாலோ இந்த வடிகட்டிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சில கெட்டுப்போகும்போது மிச்சமிருப்பவை கூடுதலாக வேலை செய்து ஈடுகட்டும். உடம்புக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. சிறுநீர் வழக்கம்போலப் போகும், வலி இருக்காது, பசி எடுக்கும், வேலைக்குப் போய்வருவார். ஆனால் அந்தக் கூடுதல் அழுத்தமே மிச்சமிருக்கும் வடிகட்டிகளையும் சீக்கிரம் தேய்த்துவிடும். மூச்சு வாங்குவது, கால் வீக்கம், குமட்டல், அரிப்பு எல்லாம் வரும்போது பெரும்பாலும் கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பார்கள். உங்கள் அப்பா உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உடம்பு சொல்லாத ஒன்றைப் பரிசோதனைதான் சொல்லியிருக்க வேண்டும், அந்தப் பரிசோதனையை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கிரியாட்டினின் எடுத்திருப்பார்கள், அது நார்மல் என்றும் சொல்லியிருப்பார்கள். இந்த நார்மலைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாந்துபோகிற இடம் இதுதான். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வருகிற கழிவு. தசை அதிகம் உள்ள இளைஞருக்கு அது இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும், மெலிந்த வயதானவருக்குக் குறைவாக இருக்கும். ரிப்போர்ட் தாளிலோ இருவருக்கும் ஏறக்குறைய ஒரே எல்லையைத்தான் அச்சடித்திருப்பார்கள். 25 வயது ஆணுக்கும் 65 வயதுப் பெண்ணுக்கும் கிரியாட்டினின் 1.1 என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற, 2021ல் திருத்தப்பட்ட சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், அந்த இளைஞரின் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 95 மில்லி வடிக்கிறது, அந்த அம்மாவின் சிறுநீரகம் 56 மில்லிதான் வடிக்கிறது. முதலாமவர் நன்றாக இருக்கிறார். இரண்டாமவருக்கு, இது மூன்று மாதத்துக்கு மேல் இப்படியே நீடித்தால், நாள்பட்ட சிறுநீரக நோய் மூன்றாம் கட்டம். ஒரே எண்தான் பாருங்கள், தாளில் அந்த அம்மாவுக்குச் சிவப்பு மையில் ஒரு கோடுகூட விழாமல் போகலாம். இந்த வடிகட்டும் அளவைத்தான் இஜிஎஃப்ஆர் என்கிறோம். அதனால் ரத்தம் எடுக்கும் ஆய்வகத்திடம், கிரியாட்டினினை மட்டும் எழுதித் தராதீர்கள், இஜிஎஃப்ஆரையும் கணக்கிட்டுத் தாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தனிக்கட்டணம் தேவையில்லாத வேலை, வயதும் பாலினமும் தெரிந்தால் போதும்.

இதுகூடப் பாதிப் படம்தான். இஜிஎஃப்ஆர் இறங்குவதற்குப் பல வருடம் முன்பே, குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கிவிடுகிறது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் 1827லேயே, நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, அது வெள்ளையாகத் திரிகிறதா என்று பார்த்து, கெட்டுப்போன சிறுநீரகத்தோடு அதைத் தொடர்புபடுத்தி எழுதிவிட்டார். இன்றைக்கு அதையே அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதமாக அளக்கிறோம், ஏசிஆர் என்று எழுதிக்கொடுப்பார்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. 30 முதல் 300 வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது, 300ஐத் தாண்டினால் கசிவு கடுமை. சாதாரணமாகச் சிறுநீரில் பட்டையை முக்கிப் பார்க்கிற சோதனை இந்த 30க்கும் 300க்கும் நடுவில் உள்ளவர்களில் நிறையப் பேரைத் தவறவிட்டுவிடும், அதாவது நாம் எதற்காக முகாமே நடத்துகிறோமோ அவர்களை. அதனால் ஏசிஆர் என்றே கேட்டு வாங்குங்கள். எனக்கு ஆதங்கம் என்னவென்றால், பல நாடுகளில் சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு வருடா வருடம் கிரியாட்டினின் பார்க்கிறார்கள், அதே ஆட்களில் சிறுநீர் அல்புமின் பார்க்கப்படுகிறவர்கள் அதைவிட வெகு குறைவு, பிரஷர் மட்டும் உள்ளவர்களிடம் அந்த எண்ணிக்கை இன்னும் மோசம். ஒரு சின்ன டப்பாவில் சிறுநீர் பிடித்துக் கொடுக்கிற வேலைதான் இது.

ஸ்கேனை ஏன் நீக்கச் சொன்னேன் என்றால், நான் மேலே சொன்ன இரண்டும் ஸ்கேனில் தெரியாது. ஆரம்பக் கட்ட நோயில் சிறுநீரகம் பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும், ஸ்கேன் நார்மல் என்று சொல்லி அனுப்பினால் அந்த மனிதர் அடுத்த பத்து வருடம் இந்தப் பக்கமே வரமாட்டார். அதைவிட, எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்தால் ஒன்றுமில்லாத சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் பலருக்குத் தெரியும், அதற்காகத் தூக்கம் கெட்டு அலைவார்கள். கல் இருப்பவர்கள், குடும்பத்தில் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் உள்ளவர்கள், முதல் இரண்டு சோதனையில் கோளாறு தெரிந்தவர்கள், இவர்களுக்கு ஸ்கேன் கட்டாயம் வேண்டும். முகாமில் வேண்டாம், பிறகு.

சீக்கிரம் கண்டுபிடித்து என்ன செய்துவிட முடியும் என்று நிர்வாகத்தில் யாராவது கேட்பார்கள். ஒரு காலத்தில் நியாயமான கேள்வி அது. இப்போது நிலைமை நிறையவே மாறிவிட்டது. 1993ல் கேப்டோப்ரில், 2001ல் லோசார்டான், இர்பிசார்டான் என்று, பிரஷரைக் குறைப்பதோடு சிறுநீரகத்தையும் காக்கிற மாத்திரைகள் சர்க்கரை நோயாளிகளிடம் நிரூபிக்கப்பட்டன. அதற்கப்புறம் கிட்டத்தட்ட இருபது வருடம் பெரிதாக எதுவும் வரவில்லை. 2019லிருந்து அடுத்தடுத்து வந்திருக்கிறது. சர்க்கரைக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசினை, சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளையும் சேர்த்து 4,304 பேரிடம் சோதித்து 2020ல் முடிவு வெளியிட்டார்கள். சிறுநீரகச் செயல்பாடு பாதியாகக் குறைவது, முழுவதும் செயலிழப்பது, சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ இறப்பது, இவை எல்லாம் சேர்ந்த ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. எம்பாகிளிஃப்ளோசின், ஃபினரெனோன், 2024ல் செமாகுளூடைட் என்று பட்டியல் நீள்கிறது. இவை எதுவும் செத்துப்போன வடிகட்டியை உயிர்ப்பிக்காது, இருப்பதைக் காப்பாற்றும். அதனால்தான் எவ்வளவு மிச்சமிருக்கும்போது கண்டுபிடிக்கிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது. எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களுக்கும் இவற்றில் சில கூடவே கூடாது. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன், லோசார்டான் போன்ற மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும், 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்தது என்று பயந்து தாங்களாகவே நிறுத்திவிட்டு, திரும்பி வரும்போது நிறைய இழந்துவிட்டு வருகிறவர்களைப் பார்ப்பது எனக்கு இன்றும் வேதனையான விஷயம்.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டு வந்தார் என்று அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை போடுவது வேறு, எண் கட்டுக்குள் இருப்பது வேறு. பிரஷர் பெரும்பாலானவர்களுக்கு 130க்கு 80க்குக் கீழே இருப்பது நல்லது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, பலருக்கு 7க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்து இது கொஞ்சம் மாறும். வருடக்கணக்கில் 150, 160 என்று பிரஷரை வைத்துக்கொண்டு அதே மாத்திரைச் சீட்டைத் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். முகாமுக்கு வரும் சர்க்கரை, பிரஷர்காரர்களிடம் மாத்திரை போடுகிறீர்களா என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாமல் இரண்டையும் அளந்து, அந்த எண்களைச் சீட்டில் எழுதி அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

இனி முகாமை எப்படி நடத்துவது என்று வருகிறேன். வெறும் ஒருநாள் நிகழ்ச்சியாக இதை நடத்தினால் போட்டோவைத் தவிர எதுவும் மிஞ்சாது, அதனால் தேதி குறிக்கும் முன்பே அடுத்த மூன்று மாதத்துக்கான ஏற்பாட்டையும் சேர்த்துக் குறியுங்கள். எல்லோருக்கும் பிரஷரும் சர்க்கரையும் பாருங்கள், அது இந்த நோயின் வேரைப் பார்ப்பது. கிரியாட்டினினும் ஏசிஆரும் எல்லோருக்கும் செய்ய நிதி இல்லையென்றால், சர்க்கரை உள்ளவர்கள், பிரஷர் உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கிட்னி நோய் உள்ளவர்கள், கல் அடிக்கடி வருகிறவர்கள், வலி மாத்திரை வழக்கமாகப் போடுகிறவர்கள், கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறிய பெண்கள், எடை குறைவாகப் பிறந்தவர்கள், இவர்களை முதலில் எடுங்கள். இதில் கடைசியாகச் சொன்னது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். வடிகட்டிகள் தாயின் வயிற்றில் சுமார் 36 வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகின்றன, அதற்கப்புறம் வாழ்நாளில் புதிதாக ஒன்றும் உருவாவதில்லை. சீக்கிரம் பிறந்த, எடை குறைந்த குழந்தைகள் குறைவான கையிருப்போடு வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். கிட்னி நோயைத் தடுக்கும் வேலை கர்ப்பிணிகளின் சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

உங்கள் ஆலையில் இன்னொரு கூட்டத்தையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன், உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களை. எல் சால்வடார், நிகரகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர்கள், சர்க்கரையும் இல்லாமல் பிரஷரும் இல்லாமல், கூட்டம் கூட்டமாகக் கிட்னி செயலிழந்து இறந்தது கடந்த இருபது சொச்சம் வருடங்களில் உலகத்தின் கவனத்துக்கு வந்தது. இலங்கையின் வடமத்திய மாகாண விவசாயிகளிடமும் காரணம் சட்டென்று பிடிபடாத கிட்னி நோய் பரவலாகக் காணப்பட்டது. எல்லா இடத்திலும் காரணம் ஒன்றுதானா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருந்தாலும், மத்திய அமெரிக்காவைப் பொறுத்தவரை கடும் வெப்பத்தில் கடும் உழைப்பும், திரும்பத் திரும்ப நீர் வற்றுவதும் முக்கியக் காரணம் என்பதற்கு ஆதாரம் வலுவாகச் சேர்ந்திருக்கிறது. அங்கே தண்ணீர், ஓய்வு, நிழல் என்று மூன்றையும் முறைப்படி கொடுத்துப் பார்த்தபோது தொழிலாளர்களின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. உங்கள் உலைப்பிரிவுக்கும் இதே மூன்றுதான் வேண்டும், நிழலுக்குப் பதிலாகக் காற்றோட்டமான, சூடு எட்டாத ஓய்விடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நீங்கள் செய்யக்கூடியது ஒரு மருத்துவரால் செய்ய முடிவதைவிட அதிகம். வேலை செய்கிற இடத்திலிருந்து சில அடி தூரத்தில் குளிர்ந்த குடிநீர் இருக்க வேண்டும், அடுத்த கட்டடத்தில் இருந்தால் போய்க் குடிக்கமாட்டார்கள். ஓய்வு நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் யாரும் ஓய்வே எடுக்கமாட்டார்கள், எடுக்கச் சொல்லி அறிவிப்பு வைப்பதில் பயனில்லை, கூலிக் கணக்கையே மாற்றியாக வேண்டும். கழிப்பறை போதுமான எண்ணிக்கையில், சுத்தமாக, போக அனுமதி கேட்கத் தேவையில்லாதபடி இருக்க வேண்டும். கழிப்பறைக்குப் போக முடியாது என்பதற்காகவே பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எத்தனையோ வேலையிடங்களில் நடக்கிறது. அப்புறம், முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் யார் கேட்டாலும் கிடைக்கும்படி இருக்கிறதா? வியர்த்து நீர் வற்றிய உடம்பில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும், முதுகுவலிக்கும் கைவலிக்கும் தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் ஒன்று போட்டுக்கொள்வது பலரிடம் பழக்கமாகவே இருக்கும். அவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, அளவோடு பாரசிட்டமால் வையுங்கள். வலி தினமும் வருகிறதென்றால், தூக்குகிற பாரத்தையும் நிற்கிற விதத்தையும் சரிசெய்ய வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் வந்தால் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளில் சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும், அன்றே மருத்துவரைக் கேளுங்கள் என்பதையும் சொல்லிவையுங்கள்.

சரி, 4 லிட்டர் விஷயம். தண்ணீர் நிறையக் குடித்தால் கிட்னி கழுவப்படும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கனடாவில் மூன்றாம் கட்டச் சிறுநீரக நோயாளிகள் 631 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரைக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கவைத்து ஒரு வருடம் பார்த்தார்கள். 2018ல் வந்த முடிவின்படி, சிறுநீரகம் தேய்கிற வேகத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. கல் வருகிறவர்களுக்கு அதிகத் தண்ணீர் நிச்சயம் நல்லது. உலைக்கு முன்னால் நிற்கிறவருக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தேவைப்படும், கணக்குப் போட்டால் அவருக்கு 4 லிட்டரே போதாமல் போகலாம். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குத் தாகத்துக்குக் குடித்தாலே போதும். இதய பலவீனம் உள்ளவருக்கும், உங்கள் அப்பா மாதிரி டயாலிசிஸில் இருப்பவருக்கும் 4 லிட்டர் என்பது மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும். ஒரே போஸ்டர் எல்லோருக்கும் பொருந்தாது என்று சொன்னது இதனால்தான். இனிப்புக் குளிர்பானங்களைத் தண்ணீருக்குப் பதிலாக வைக்க வேண்டாம்.

மூலிகைப் பொடி பற்றி நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில், ஒரு மெலியவைக்கும் சிகிச்சையில் கொடுத்த மூலிகை மாத்திரையில் அரிஸ்டோலோக்கியா என்ற செடி கலந்திருந்தது. அதைச் சாப்பிட்ட பெண்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, பலருக்கு முழுவதும் செயலிழந்தது, பிறகு சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது என்று நம்பித்தான் அவர்கள் சாப்பிட்டார்கள். உங்களிடம் வந்திருக்கும் பொடியில் என்ன இருக்கிறது என்பதை அளந்து சொல்லும் தாள் உங்கள் கையில் இல்லை. சிறுநீரகத்துக்குச் சுத்தம் செய்யத் தனியாக மருந்து தேவையும் இல்லை, மற்றதைச் சுத்தம் செய்கிற உறுப்பே அதுதான். நோய் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்களின் கையில், நோயை உண்டாக்கவோ வேகப்படுத்தவோ கூடிய ஒன்றைக் கொடுத்து அனுப்புவது பெரிய பாவம். அப்பாவுக்கும் யாராவது இப்படி ஒன்றைக் கொண்டுவந்து தருவார்கள், அன்போடுதான் தருவார்கள், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உப்பைப் பற்றிச் சுருக்கமாக. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக, என்று சொல்கிறது. கேன்டீன் உங்கள் கையில் இருக்கிறது என்றால் சொல்லாமல் கொள்ளாமல் சில மாதங்களில் படிப்படியாக உப்பைக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். பிரிட்டனில் 2003லிருந்து சில வருடங்களுக்கு ரொட்டி போன்ற தயாரிப்புகளில் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள், மக்கள் சாப்பிடும் மொத்த உப்பே குறைந்தது. வியர்த்து வேலை செய்கிறவர்களுக்கு நாள் முழுக்க உப்பு மாத்திரை தரும் பழைய வழக்கம் இருந்தால் அதையும் ஆலை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று பொட்டாசியம் கலந்து விற்பதைக் கிட்னி நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது, உங்கள் வீட்டில் அப்பாவுக்குக் கூடவே கூடாது. புகைப்பதை விடுவது பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சிகரெட் நுரையீரலோடு நிற்காமல் சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களையும் கெடுக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை, முகாமில் சொல்லுங்கள்.

முகாமில் மிக முக்கியமானது, ரிசல்ட் யாருக்குப் போகிறது என்பது. அது அந்தத் தொழிலாளிக்கும் மருத்துவருக்கும் மட்டும் போக வேண்டும். நிர்வாகத்துக்கு எத்தனை பேரில் எத்தனை பேருக்குக் கோளாறு என்ற மொத்த எண் போதும், பெயர் வேண்டாம். கிட்னி நோய் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால், யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்கள்தான் முதலில் விடுப்பு போடுவார்கள். இந்த உறுதியை எழுத்தில் வாங்கி, முகாமுக்கு முன்பே எல்லோருக்கும் படித்துக்காட்டுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களையும், சுத்தம் செய்கிறவர்களையும், காவலாளிகளையும் விட்டுவிடாதீர்கள். அவர்களில் பலர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பிரஷர் பார்த்திருக்க மாட்டார்கள்.

சிறுநீரைக் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீராகப் பிடித்துவரச் சொன்னால் நல்லது, டப்பாவை முந்தின நாளே கொடுத்துவிடலாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் கடும் உடலுழைப்பு, இவற்றால் அல்புமின் தற்காலிகமாகக் கூடலாம், அதனால் வார விடுமுறைக்கு மறுநாள் முகாம் வைப்பது நல்லது. ஒரு தடவை கூடுதலாக வந்துவிட்டால் அதுவே நோய் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால்தான் நாள்பட்ட நோய் என்று பெயர். மறுபரிசோதனைக்கான தேதியைச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்து, அன்றைக்குச் சம்பளத்தோடு நேரம் கொடுங்கள். இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே வந்தவர்களும் ஏசிஆர் 300க்கு மேல் வந்தவர்களும் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது, அந்த வாரமே சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும், கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும்.

உலகத்தில் ஏதோ ஒரு சிறுநீரக நோயோடு இருப்பவர்கள் சுமார் 85 கோடிப் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், அதில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. 2010ல் சுமார் 26 லட்சம் பேர் டயாலிசிஸாலோ மாற்றுச் சிறுநீரகத்தாலோ உயிரோடு இருந்தார்கள், அதே வருடம் அந்தச் சிகிச்சை எட்டாமல் குறைந்தது 23 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2015ல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. எவ்வளவு டயாலிசிஸ் மையம் திறந்தாலும் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருப்போம். 2025 மே மாதம் உலகச் சுகாதார மன்றம் முதன்முறையாகச் சிறுநீரக நலத்துக்கென்று ஒரு தீர்மானம் நிறைவேற்றியது, ரொம்பத் தாமதமாக வந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தீர்மானம் தானாக யாருடைய சிறுநீரையும் பரிசோதிக்காது. சர்க்கரை கிளினிக்கில், பிரஷர் கிளினிக்கில், கர்ப்பிணிகள் வரும் இடத்தில், உங்களுடையது போன்ற வேலையிடங்களில், யாராவது அந்த டப்பாவை நீட்ட வேண்டும். சிறுநீரக மருத்துவரான என்னிடம் வந்து சேர்கிறவர்களில் பலர் ஏற்கெனவே பாதி வழி தாண்டி வந்தவர்கள், தடுக்கிற வேலையில் பெரும்பகுதி என் அறைக்கு வெளியேதான் நடந்தாக வேண்டும்.

கடைசியாக உங்களைப் பற்றி. உங்களுக்கும் வருமா என்பது அப்பாவுக்கு எதனால் வந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் அடுத்த முறை டயாலிசிஸுக்குப் போகும்போது அவருடைய மருத்துவரிடம் மூலக்காரணம் என்ன என்று நேராகக் கேளுங்கள். சர்க்கரையும் பிரஷரும்தான் என்றால், உங்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்து கூடுதல், ஆனால் பெருமளவு தடுக்கக்கூடியது. முகாம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே பிரஷர், சர்க்கரை, இஜிஎஃப்ஆர், ஏசிஆர் நான்கையும் பாருங்கள், எல்லாம் சரியாக இருந்தாலும் வருடம் ஒருமுறை தொடருங்கள், எடையைக் கவனியுங்கள். நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் என்று சொன்னால் கதை வேறு. அதன் வழக்கமான வகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு, அப்போது உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் ஸ்கேன் தேவை. நாளைக்கு அப்பாவுக்குக் கிட்னி கொடுக்கிற பேச்சு வீட்டில் வந்தாலும், யார் கொடுக்கலாம் என்று யோசிப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். பதில் கிடைத்ததும், உங்கள் நான்கு ரிசல்ட்டையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்வது என்று பார்த்துச் சொல்கிறேன்.